மூன்று நூல்

அளவெடுக்கப் போன அன்று
சோழிங்கநல்லூர் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை.
பதினோராம் மாடியை நான் தொட்டபோது
மூச்சு எட்டாவதில் உட்கார்ந்திருந்தது.
முழங்கால் உயரத்தில் டேப்பை வைத்து இழுத்தேன்.
ஏழடி, நாலு இன்ச், ஒரு நூல்.
நோட்டு கீழே வண்டியில். உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
மேலேயும் ஒருமுறை இழுத்திருக்கலாம்.
ஸ்டூல் இல்லை.
காரணம் அவ்வளவுதான்.

சுவருக்குச் சுவர் அலமாரி, ஆறு கதவு.
ஒரே தேக்கில் உரித்த வெனீர்,
முதல் கதவில் புறப்பட்ட ரேகை
ஆறாவது கதவில்தான் கரையேறும்.
கீழ்க்கட்டளைப் பட்டறையில் பதினெட்டு நாள்.
பாலிஷ் அடித்த ஜோசுவா
"இதுல மூஞ்சி பார்த்து ஷேவிங் பண்ணலாம்ணே" என்றான்.

பொருத்துகிற நாளில்
இடுப்புவரை வாகாய் உள்ளே போனது,
தோளில் நின்றுவிட்டது.
தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தேன்.
மேலே போகப் போகச் சுவர்
உள்பக்கம் சாய்ந்திருந்தது,
மூன்று நூல்.
அரை இன்ச்சுக்கே ஒரு நூல் குறைவு.
இழைக்கலாம் என்றால்
வெனீரின் கனம் அரை நூல்கூட இல்லை,
ஒரு தள்ளில் பிளைவுட் பல்லிளிக்கும்.

அப்போதே அந்த அம்மாவைக் கூப்பிட்டிருந்தால்
ஒரு தப்பு, ஒரு திட்டு, ஒரு தொகை.
நான் உளியை எடுத்தேன்.
சத்தம் வராமலிருக்கத்
தலையில் துணி சுற்றினேன், உளியின் தலையில்.
மரத்தைத் தொட முடியாது,
சுவரைத் தொடலாமே.
பூச்சு உதிர்ந்தது. செங்கல் சிவந்தது.
பிறகு சுவருக்கு வியர்த்தது.

குளியலறைக்குப் போகிற குழாய்
அங்கேதான் படுத்திருந்தது.
பதினோராம் மாடித் தண்ணீர்
லிஃப்டுக்குக் காத்திராமல்
பத்தாம் மாடிக்கு இறங்கியது.
அங்கே நூருல் அமீன் பாய் வீடு.
மகள் நிச்சயத்துக்குப் போட்ட புது சீலிங்
நிறைசூலியாய் வயிறு தள்ளி நின்று
சோபாமேல் பெற்றுப் போட்டது.

வெனீர் நாற்பத்தெட்டாயிரம்.
சீலிங் முப்பத்திரண்டு. பிளம்பர், பெயிண்டர், சோபாத் துணி.
ஜோசுவாவுக்கு இரண்டாம் முறை பாலிஷ் கூலி.
வாங்கும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கண்ணகி நகரில் என் வீட்டில் இருக்கும் சாமான் எல்லாம்
வேறு யாருடைய சுவருக்கோ
கொஞ்சம் பெரிசு, அல்லது கொஞ்சம் சின்னது.
ஃபிலோமினா ஊர் சொல்லித்தான் பொருள் தேடுவாள்.
"சோம்பு மடிப்பாக்கத்துல இருக்கு."
"ரேஷன் கார்டா? அண்ணாநகர், கீழ் டிராயர்."
அண்ணாநகருக்குக் கைப்பிடி இடது வலம் மாறியிருக்கும்,
பிள்ளைகளுக்கு அதுவே பழக்கம்.
ஆறு கதவும் வந்திறங்கிய ராத்திரி
அவள் ரேகையைத் தடவிப் பார்த்தாள்.
"இது எந்த ஊரு?"
சொன்னேன்.
"இதுக்கு நம்மகிட்ட இடமில்லையே" என்றாள்.
வரிசை மாற்றிச் சாய்த்து வைத்தோம்.
ரேகை நடுவில் அறுந்து அறுந்து போனது.

நாலு மாதம் கழித்து
அமீன் பாய் வீட்டில் ஒரு அலமாரி, கூலி கிடையாது,
மரம் மட்டும் அவருடையது.
ஸ்டூலையும் தூக்கிக்கொண்டு போனேன்.
கீழே இழுத்தேன். நடுவில் இழுத்தேன். ஏறி நின்று
மேலே இழுத்தேன்.
அங்கேயும் மூன்று நூல்.

ஒரு கொத்தனார்,
முகம் தெரியாது,
ஒரே சாய்வைக் கையில் வைத்துக்கொண்டு
மாடி மாடியாக ஏறியிருக்கிறார்.
சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்டு
வேறு கட்டடத்துக்குப் போயிருப்பார்.
அவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.
கோபம் வரும் என்று பார்த்தேன்,
வரவில்லை.
ஸ்டூல்மேல் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

"என்ன தம்பி, அளவு சரியா இருக்கா?"
அமீன் பாய் கீழிருந்து கேட்டார்.

"இல்ல பாய்" என்றேன்,
எதையும் வெட்டுவதற்கு முன்னால்,
முதல் தடவையாக.